நூற்றுப் பதின்மூன்று வரை எண்ணியவர்

2018 அக்டோபர் 26, வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஆபீஸ் விட்டுக் கிளம்பிய கொழும்புக்காரருக்கு ஒரு பிரதமர் இருந்தார். அவர் டிராஃபிக்கில் நீந்தி வீடு சேர்ந்து, முகம் கழுவி, டிவியைப் போட்டால் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

சத்தியமாக நடுவில் தேர்தல் எதுவும் நடக்கவில்லை. ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ஒரு கடிதம் எழுதி ரணில் விக்கிரமசிங்கவை நீக்கினார். அதே கையோடு மகிந்த ராஜபக்சவைக் கூப்பிட்டுப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். ரணிலோ, “நானே பிரதமர்” என்று அறிவித்துவிட்டு பிரதமரின் இல்லமான அலரி மாளிகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வாடகைக்கு இருப்பவர் காலி செய்ய மறுப்பதைப் பார்த்திருக்கிறோம். நாட்டின் பிரதமர் அதைச் செய்து பார்த்தது அன்றைக்குத்தான்.

மைத்திரியும் மகிந்தவும் அந்தப் பதவியேற்பு போட்டோவில் எத்தனை பாசமாகச் சிரித்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள ஓர் அப்பத்தின் கதை தெரிய வேண்டும். நான்கு வருஷம் முன்னால், 2014 நவம்பரில் ஓர் இரவு. மகிந்த அப்போது ஜனாதிபதி. மைத்திரி அவருடைய சுகாதார அமைச்சர், கட்சியின் பொதுச் செயலாளர். இருவரும் உட்கார்ந்து அப்பம் சாப்பிட்டார்கள். மறுநாள் மைத்திரி வெளியே வந்து, “மகிந்தவை எதிர்த்து ஜனாதிபதி தேர்தலில் நிற்கிறேன்” என்றார். 2015 ஜனவரி 8-ல் ஜெயித்தும் விட்டார். அன்றிலிருந்து இலங்கையில் அப்பம் ஓர் உணவு மட்டுமல்ல, அரசியல் கெட்ட வார்த்தையும்கூட. தோற்றிருந்தால் என்னை ஆறடி மண்ணுக்குள் புதைத்திருப்பார்கள் என்று மகிந்தவைப் பற்றிச் சொன்னவர்தான், இப்போது அதே மகிந்தவுக்குப் பிரதமர் பதவியைத் தட்டில் வைத்து நீட்டுகிறார். இந்த முறை தட்டில் அப்பம் இருந்ததாகத் தகவல் இல்லை.

ரணில் மேல் அப்படி என்ன கோபம்? மத்திய வங்கி பத்திர ஊழல், தன்னைக் கொல்ல நடந்த சதியைச் சரியாக விசாரிக்கவில்லை என்ற மனக்குறை என்று மைத்திரி ஒரு நீண்ட பட்டியலே வாசித்தார். சிலது நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் அவருடைய அன்றைய மனநிலை புரிய வேண்டுமென்றால், அதற்கு ஒன்றரை மாதம் முன்பு காத்மாண்டுவிலிருந்து வரும் விமானத்தில் தனக்குக் கொடுத்த முந்திரிப் பருப்பை நாய்கூடத் தின்னாது என்று அவர் ஒரு மேடையில் பொங்கியதை ஞாபகப்படுத்திக்கொண்டால் போதும். மனிதர் எதற்கும் கோபப்படத் தயாராக இருந்தார். முந்திரிக்குப் பிறகு ரணில்.

சரி, இரண்டு பேரில் யார் பிரதமர்? இதற்கு ஜோசியம் பார்க்கத் தேவையில்லை. பாராளுமன்றத்தில் 225 பேர். பாதிக்கு மேல் என்றால் 113. யாருக்கு 113 தலை இருக்கிறதோ அவர் பிரதமர். எண்ணிப் பார்த்தால் பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷ வேலையைத் தள்ளிப்போடத்தான் அடுத்த 51 நாள் ஒரு நாடே படாத பாடு பட்டது.

எண்ணுகிற வேலை யாருடையது? அந்த உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, “ஆர்டர், ஆர்டர்” என்று யாரும் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டிருப்பாரே, அவருடையது. சபாநாயகர் கரு ஜயசூரிய. வயது 78.

பெரும்பாலான நாடுகளில் சபாநாயகர் என்பவர் கல்யாண வீட்டுப் பெரியப்பா மாதிரி. முன் வரிசையில் நாற்காலி உண்டு, சந்தனம் உண்டு, பந்தா உண்டு. முடிவெடுப்பது வேறு யாரோ. ஆனால் மாப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் மணமேடை ஏறிவிட்டால், எல்லாரும் திரும்பிப் பார்ப்பது பெரியப்பாவைத்தான்.

கருவின் பயோடேட்டா கெத்தாகத்தான் இருக்கும். ராணுவத்தில் அதிகாரி, அப்புறம் வியாபாரம், ஜெர்மனிக்குத் தூதர், கொழும்பு மேயர். மெதுவாகப் பேசுவார். அவரை உடனே வானத்திலிருந்து இறங்கிய ஜனநாயகக் காவலர் என்று சிலை வைத்துவிடாதீர்கள். 2007-ல், மகிந்த ஜனாதிபதியாக இருந்தபோது, ரணிலின் கட்சியிலிருந்து ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு மகிந்த பக்கம் தாவி அமைச்சரானவர் யார்? இதே கரு. அடுத்த வருஷக் கடைசியில் தாய்க் கட்சிக்கே திரும்பிவந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? 2011-ல் கட்சித் தலைமைக்கு ரணிலை எதிர்த்தே போட்டியிட்டுத் தோற்றார்.

அதாவது, ரணிலிடமிருந்து ஒரு முறை ஓடியவர், ஒரு முறை ரணிலின் நாற்காலிக்கே குறிவைத்தவர். கட்சி தாவினால் என்ன நடக்கும் என்று பாடப் புத்தகத்தில் படிக்காமல் பிராக்டிகலாகத் தெரிந்தவர். ரணிலின் பிரதமர் பதவி இப்போது அந்த மனிதரின் கையில். விதிக்கு இருக்கிற நகைச்சுவை உணர்வு நம்மில் பல எழுத்தாளர்களுக்குக் கிடையாது.

மைத்திரிக்கும் எண்ணத் தெரியும். மகிந்தவிடம் 113 இல்லை என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு ராத்திரிகூடத் தேவைப்படவில்லை. மறுநாளே பாராளுமன்றத்தை நவம்பர் 16 வரை ஒத்திவைத்தார். ஹோம்வொர்க் செய்யாத பையன் ஸ்கூலுக்கே லீவு விட்ட மாதிரி. அந்த மூன்று வாரத்துக்குள் அங்கேயிருந்து நாலு பேர், இங்கேயிருந்து ஆறு பேர் என்று சேர்த்துவிடலாம் என்பது திட்டம். அமைச்சர் பதவிகள் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை போல நீட்டப்பட்டன. சிலர் வாங்கினார்கள். வாங்கியவர்களில் சிலர் பையோடு திரும்பியும் வந்துவிட்டார்கள். கணக்குப் பிள்ளைக்கே தலை சுற்றும். ஏன் 113 சேரவில்லை என்பதற்குப் பின்னாளில் ஜனாதிபதியே ஒரு விளக்கம் கொடுத்தார்: சில எம்.பி.க்கள் 50 கோடி ரூபாய் வரை விலை கேட்டார்களாம். விலை கேட்டது தப்பு என்பது போல இல்லை அவர் குரல். கட்டுப்படியாகவில்லை என்பது போல இருந்தது.

இதற்கிடையே சபாநாயகர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். மெயில் யுகத்தில் இத்தனை கடிதம் எழுதிய மனிதர் அபூர்வம். அக்டோபர் 28-ல் ஒன்று: வேறொருவர் பெரும்பான்மையை நிரூபிக்கும்வரை ரணிலுக்குப் பிரதமருக்கான சலுகைகள் இருக்க வேண்டும். நவம்பர் 5-ல் ஓர் அறிக்கை: பெரும்பான்மை எம்.பி.க்கள் கேட்கிறார்கள், ஆகவே அக்டோபர் 26-க்கு முன்பு இருந்த நிலையைத்தான் ஏற்பேன். மொழி மரியாதையானது. சாரம் மட்டும் ஒன்றுதான்: ஐயா, எண்ண விடுங்கள்.

இங்கே கொஞ்சம் லண்டன் போய்வரலாம். விசா வேண்டாம்.

சபாநாயகர் என்ற உத்தியோகமே இங்கிலாந்தில் உருவானது. அது ஒரு காலத்தில் உயிருக்கு உலை. ராஜாவுக்குப் பிடிக்காத செய்தியைப் போய்ச் சொல்வதுதான் வேலை என்பதால் பழைய சபாநாயகர்கள் பலருக்குத் தலை போயிருக்கிறது. அதனால்தான் புதுச் சபாநாயகரை இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைப்பதாக இன்றும் அங்கே ஒரு சடங்கு. அவரும் வேண்டாம் வேண்டாம் என்று திமிறுவது போல நடிப்பார்.

1629-ல் அது நடிப்பாக இருக்கவில்லை. முதலாம் சார்லஸ் மன்னர் சபையை ஒத்திவைக்கச் சொன்னார். சபாநாயகர் ஜான் ஃபின்ச் எழுந்தார். சபாநாயகர் எழுந்தால் சபை முடிந்தது என்று அர்த்தம். முடியவிடக் கூடாது என்று இரண்டு உறுப்பினர்கள் பாய்ந்து அவரை நாற்காலியிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்து வைத்த பிள்ளையார் என்று நாம் சொல்வோமே, அது இதுதான். பிள்ளையார் அழுதார். அழ அழ தீர்மானங்கள் நிறைவேறின.

1690-களில் ஜான் ட்ரெவர் என்று இன்னொருவர். இவருக்கு மாறுகண். யாரைப் பார்த்துப் பேச அழைக்கிறார் என்று தெரியாமல் ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுந்துவிடுவார்களாம். கண் எந்தப் பக்கம் பார்த்தாலும் கை மட்டும் சரியான பக்கம் நீண்டிருக்கிறது: லஞ்சம் வாங்கியதற்காக 1695-ல் வெளியேற்றப்பட்டார்.

இந்தப் பரம்பரைச் சொத்தைத்தான் 1949-ல் பிரிட்டிஷ் பொதுச்சபை இலங்கைக்கு அன்பளிப்பாக அனுப்பியது. ஒரு சபாநாயகர் நாற்காலி, ஒரு செங்கோல். மிளகாய்த்தூள் பற்றிய எச்சரிக்கை எதுவும் பெட்டிக்குள் இல்லை.

அதற்குத்தான் வருகிறேன்.

நவம்பர் 9 இரவு. லீவு விட்டும் பையன் ஹோம்வொர்க் முடிக்கவில்லை. ஆகவே ஜனாதிபதி ஸ்கூலையே இடித்துவிட்டார். வர்த்தமானி (அரசிதழ்) வந்தது: பாராளுமன்றம் கலைப்பு, ஜனவரி 5-ல் தேர்தல். இதில் ஒரு சின்னச் சிக்கல். நாலரை வருஷம் முடிவதற்குள் ஜனாதிபதி தன் இஷ்டத்துக்குப் பாராளுமன்றத்தைக் கலைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 19-வது திருத்தம் சொல்கிறது. மூன்று வருஷம் சொச்சம்தான் ஆகியிருந்தது. அந்தத் திருத்தத்தை 2015-ல் கொண்டுவந்து, என் அதிகாரத்தை நானே குறைத்துக்கொண்ட மகான் நான் என்று பெருமையடித்துக்கொண்டவர் யார் என்கிறீர்கள்? அவரேதான். தான் மாட்டிய பூட்டில் தானே விரலை நசுக்கிக்கொண்டார்.

மகிந்தவும் சளைத்தவரில்லை. சபை கலைந்தாகிவிட்டது, இனித் தேர்தல்தானே என்று நவம்பர் 11-ல், தன்னைப் பிரதமராக்கிய மைத்திரியின் கட்சியை விட்டுவிட்டு, ஏராளமான எம்.பி.க்களோடு பொதுஜன பெரமுன கட்சியில் உறுப்பினர் அட்டை வாங்கினார். பதவி கொடுத்து முழுசாக மூன்று வாரம்கூட ஆகவில்லை. அப்பக் கடன் வட்டியோடு தீர்ந்தது. ஆனால் அந்த உறுப்பினர் அட்டையை மறந்துவிடாதீர்கள். பிறகு வேலைக்கு வரும்.

நவம்பர் 13-ல் உயர் நீதிமன்றம் கலைப்புக்குத் தடை போட்டது. (இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்கிறோமே, அதற்கு இலங்கையில் இந்தப் பெயர்.) மறுநாள் காலை, கோட்டேயில் தியவன்னா ஏரியின் நடுவே ஜெஃப்ரி பாவா வடிவமைத்த அந்த அழகான கட்டடத்தில் சபை கூடியது. தண்ணீர், தாமரை, தியானத்துக்கு ஏற்ற இடம். உள்ளே மட்டும் கோயம்பேடு.

மகிந்த மேல் நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது. சபாநாயகர் குரல் வாக்கெடுப்பு வைத்தார். ஆம் என்பவர்கள் ஒரு சத்தம் போட வேண்டும், இல்லை என்பவர்கள் ஒரு சத்தம் போட வேண்டும். எல்லாரும் எல்லா நேரமும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இது எப்படி என்கிறீர்களா? நியாயமான கேள்வி. ஜனாதிபதியும் அதையே கேட்டார், முறைப்படி நடக்கவில்லை, ஏற்க மாட்டேன் என்றார். ஆனால் பிரேரணைக்கு ஆதரவாக 122 பேர் கையெழுத்துப் போட்டுச் சபாநாயகர் கையில் கொடுத்திருந்தார்கள். கையெழுத்து கத்தாது, எண்ணிக்கொள்ளலாம்.

15-ம் தேதி கரு ஒரு குண்டு போட்டார், வழக்கமான அந்த மெல்லிய குரலில். இந்தச் சபையில் இப்போது பிரதமரும் இல்லை, அமைச்சரவையும் இல்லை, மகிந்த எம்.பி. என்ற முறையில் பேசலாம். இரண்டு பிரதமர் இருந்த நாட்டில் இப்போது பூஜ்யம். மகிந்த பேசி முடித்ததும் கைகலப்பு. தண்ணீர் பாட்டில், புத்தகம், குப்பைக்கூடை என்று கையில் கிடைத்தது எல்லாம் சபாநாயகரை நோக்கிப் பறந்தன. ஓர் உறுப்பினர் சபாநாயகரின் மைக்கைப் பிடுங்கப் போய்த் தன் கையையே கிழித்துக்கொண்டார். ஜனநாயகத்துக்காக ரத்தம் சிந்துவது என்றால் இப்படியல்ல என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

16-ம் தேதிதான் கிளைமாக்ஸ். மகிந்த ஆதரவாளர்கள் முன்கூட்டியே வந்து சபாநாயகர் நாற்காலியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் அதில் ஏறியே உட்கார்ந்துவிட்டார். எத்தனை எளிய தத்துவம் பாருங்கள்! ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களுக்கு அவ்வளவு தெரியும்: உட்கார்ந்தவருக்கே சீட். நாற்காலி இல்லையென்றால் சபாநாயகர் இல்லை, சபாநாயகர் இல்லையென்றால் எண்ணிக்கை இல்லை. 1629-ல் லண்டனில் சபாநாயகரை நாற்காலியிலிருந்து எழவிடவில்லை. 2018-ல் கோட்டேயில் உட்காரவிடவில்லை. அந்த நாற்காலிக்கு இரண்டு விதமான அனுபவமும் சரித்திரத்தில் பதிவாயிற்று.

முக்கால் மணி நேரம் போலத் தாமதம். பிறகு கதவு திறந்தது. போலீஸ் வந்தது. ஒருவர் இருவர் அல்ல, ஒரு பெரிய வளையம். அந்த வளையத்தின் நடுவே, திருவிழாக் கூட்டத்தில் தாத்தாவைப் பத்திரமாக நகர்த்திக்கொண்டு போவது போல, 78 வயதுச் சபாநாயகர். நாற்காலிகள் பறந்தன, புத்தகங்கள் பறந்தன. அப்புறம் அது வந்தது: தண்ணீரில் கரைத்த மிளகாய்த்தூள்.

கொஞ்சம் நில்லுங்கள். இதை நான் அசைபோட்டுக்கொண்டே இருக்கிறேன். மிளகாய்த்தூள் தானாகப் பாராளுமன்றத்துக்கு வராது. காலையில் யாரோ ஒரு மாண்புமிகு உறுப்பினர் திட்டம் போட்டிருக்க வேண்டும். வீட்டிலிருந்து வந்ததென்றால், சம்பல் அரைக்க வைத்திருந்த டப்பாவைக் காணோம் என்று அந்த வீட்டு அம்மா தேடியிருக்க மாட்டாரா? “எங்க கொண்டு போறீங்க?” “பாராளுமன்றத்துக்கு.” “கறி கொஞ்சம் காரம் கம்மியா?” அதைத் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்ற தொழில்நுட்ப அறிவு வேறு. பட்ஜெட் விவாதத்தில் இந்த முன்தயாரிப்பில் பாதி இருந்திருந்தால்கூட நாடு வேறு மாதிரி இருந்திருக்கும்.

எதிராளிகளும் போலீஸ்காரர்களும் கண்ணைக் கசக்கினார்கள். கரு, போலீஸ் வளையத்துக்குள் நின்றபடியே, கையில் ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு சபையை நடத்தினார். நாற்காலி அங்கே, சபாநாயகர் இங்கே. பிரேரணையை வாசித்தார், வாக்குக் கேட்டார், நிறைவேறியது என்றார், ஒத்திவைத்தார், கிளம்பினார். நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்திருந்தவர் எதைப் பிடித்தோம் என்று அப்போது யோசித்திருப்பார். வெறும் மரச்சாமான்.

ஜனாதிபதி இதையும் ஏற்கவில்லை. எண்ணிக்கை சரியில்லை, முறை சரியில்லை, சத்தம் சரியில்லை. விருந்தில் குறை சொல்லியே சாப்பிடாமல் எழுந்துபோகும் சம்பந்தி மாதிரி.

அப்புறம் பாராளுமன்றம் ஒரு புத்திசாலித்தனம் செய்தது. பிரதமர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறாரா? பில் கட்டாதே. நவம்பர் 29-ல் பிரதமர் அலுவலகச் செலவுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று தீர்மானம். ஆதரவு 123, எதிர்ப்பு பூஜ்யம். மகிந்த தரப்பு சபைக்கே வரவில்லை. குரல் அல்ல, எண்ணிக்கை. மறுநாள் அமைச்சர்களின் செலவுக்கும் அதே கதி. டிசம்பர் 3-ல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மகிந்தவும் அவர் அமைச்சரவையும் செயல்படத் தடை விதித்தது. டிசம்பர் 12-ல் ரணில் மேல் நம்பிக்கை வாக்கெடுப்பு: 117. மறுநாள் உயர் நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில், கலைத்தது சட்டவிரோதம் என்றார்கள். ஏழு பேர் ஒரே குரலில் பேசியது அந்த ஐம்பது நாளில் அங்கே மட்டும்தான்.

15-ம் தேதி மகிந்த ராஜினாமா. 16-ம் தேதி ரணில் மறுபடியும் பிரதமர். 225 பேரும் வந்து கேட்டாலும் ரணிலுக்கு மட்டும் பதவி தர மாட்டேன் என்று சபதம் போட்டிருந்த அதே மைத்திரி, தன் கையாலேயே பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். மீடியாவுக்கு உள்ளே அனுமதி இல்லை. அக்டோபர் போட்டோவில் இருந்த சிரிப்பு ஸ்டாக் தீர்ந்திருக்கும்.

கரு அப்பாடா என்று உட்கார்ந்திருப்பார், நாற்காலியில். இரண்டே நாள்.

ரணிலுக்குக் கிடைத்த அந்த 117-ல் 14 பேர் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர். அவர்கள் இல்லாவிட்டால் 113 கிடையாது. கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தன் மூன்று வருஷமாக எதிர்க்கட்சித் தலைவர். ரணிலின் நாற்காலி தப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு. பிரதமர் பதவி போன மகிந்த தரப்போ, நாங்கள் இப்போது எதிர்க்கட்சி, தலை அதிகம், அந்தப் பதவியைக் கொடுங்கள் என்று வந்து நின்றது. டிசம்பர் 18-ல் சபாநாயகர் மகிந்தவை எதிர்க்கட்சித் தலைவராக அறிவித்தார். நாற்காலியைக் காப்பாற்றிக் கொடுத்தவரின் நாற்காலி போயிற்று.

கூட்டமைப்பு விடுமா? நவம்பர் 11-ல் வாங்கிய அந்த உறுப்பினர் அட்டையை எடுத்துப் போட்டது. வேறு கட்சியில் சேர்ந்தவர் இந்தக் கட்சியின் எம்.பி.யாக எப்படி நீடிக்க முடியும்? எம்.பி.யே இல்லையென்றால் எதிர்க்கட்சித் தலைவர் எப்படி?

ஆக, இலங்கைக்கு இப்போது ஒரே பிரதமர். எதிர்க்கட்சித் தலைவர் மட்டும் இரண்டு பேர். கடிதங்கள் மறுபடியும் சபாநாயகர் மேஜைக்கு வரத் தொடங்கின. ஜனவரியில் அந்தப் பதவி மகிந்தவுக்கே உறுதியாயிற்று. அந்த வேலைக்கு 113 தேவையில்லை. கையில் இருந்ததே போதுமானதாக இருந்தது.